வரிசையின் கடைசி ஜோடி

ராசிபுரம் ரயில் நிலையத்தில் அன்று காலை இருபத்து மூன்று பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் நாமகிரிப்பேட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புப் படிப்பவர்கள். நாமக்கல் கோட்டையைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள்.

வேன் வைத்துக்கொண்டு போயிருக்கலாம். "பாதிப் பேரு ரயில்லயே ஏறினதில்லை. ரயில்ல போயிட்டு, ஸ்டேஷன்ல இருந்து கோட்டைக்கு நடந்தே போலாம்" என்று ராசாத்தி டீச்சர்தான் சொன்னார். பிள்ளைகளுக்கு அன்றிலிருந்து தூக்கமே வரவில்லை.

வானம் மட்டும் வேறு மாதிரி நினைத்திருந்தது. ஐப்பசி மாதத்து மேகம் கீழே இறங்கி வந்து, பக்கத்தில் இருக்கும் போதமலையையே மூடிவிட்டது. வெளிச்சம் இருந்தும் விடியாதது போலவே இருந்தது.

"ரெண்டு ரெண்டு பேராக் கையைப் புடிச்சு நில்லுங்க" என்று சொல்லிவிட்டு கதிர்வேல் சார் ஊதலை ஊதினார். அவர் விளையாட்டு ஆசிரியர். எதைச் சொன்னாலும் கடைசியில் ஓர் ஊதல் ஊதுவார்.

பதினோரு ஜோடிகள் சேர்ந்தன. ஒருத்தி மட்டும் தூண் ஓரமாகத் தனியாக நின்றாள். அவள் சௌந்தர்யா.

சௌந்தர்யாவின் அப்பா லாரி ஓட்டுநர். இரண்டு மாதத்துக்கு முன்பு நாக்பூருக்குச் சுமை ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். பதினைந்து நாள் கழித்து சௌந்தர்யா பள்ளிக்கு வந்தாள். வந்தாளே தவிர, பேசவில்லை. கேட்டால் தலையாட்டுவாள். வலது கையை எப்போதும் இறுக்கி மூடியே வைத்திருப்பாள்.

வகுப்பில் யாரும் கெட்ட பிள்ளைகள் இல்லை. ஆனால் அவளிடம் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. தப்பாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் எல்லாரும் கொஞ்சம் தள்ளியே இருந்தார்கள்.

"யாராவது ஒரு ஜோடி சௌந்தர்யாவையும் சேத்துக்குங்க" என்றார் ராசாத்தி டீச்சர்.

எல்லாரும் தண்டவாளத்தைப் பார்த்தார்கள்.

அன்புச்செல்வி சரிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூண் ஓரம் நின்ற சௌந்தர்யாவைப் பார்த்தாள். 

"சரிதா, நீ தேவிப்ரியாகூடச் சேந்துக்க" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கையை விட்டாள். நேராகப் போய் சௌந்தர்யாவின் பக்கத்தில் நின்றாள்.

சரிதாவுக்குக் கோபம் வந்தது. விறுக்கென்று தேவிப்ரியாவின் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் அன்புச்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டார். வகுப்பில் மின்விசிறி நின்றாலும் அன்புச்செல்வியின் வாய் நிற்காது என்பது பள்ளி முழுக்கத் தெரிந்த விஷயம். டீச்சரின் கவலை அதுதான்.

"அன்பு, இங்க பாரு. அவகிட்ட அவங்கப்பா பேச்சை மட்டும் எடுக்காதே. அழுதுட்டான்னா பாவம், இன்னைக்குப் பொழுதே வீணாப் போயிரும். வேற ஏதாச்சும் பேசு. உனக்கா பேச்சுக்குப் பஞ்சம்?"

"சரிங்க டீச்சர்."

டீச்சர் எல்லார் உள்ளங்கையிலும் தன் செல்போன் எண்ணைப் பேனாவால் எழுதிவிட்டார். சௌந்தர்யா கையை நீட்டினாள். எழுதி முடித்ததும் மறுபடியும் மூடிக்கொண்டாள்.

ரயில் வந்தது.

அன்புச்செல்வி சௌந்தர்யாவுக்கு ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தாள். வெளியே மரவள்ளிக் காடுகள் ஈரத்தில் கறுத்துக் கிடந்தன. நீளநீளமான கோழிப்பண்ணைகள் வந்து போயின. பெட்டிக்குள் ஒரு வாசம் அடித்தது. எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்க மாமா பண்ணையில ஆறாயிரம் கோழி இருக்குது. அங்க போனா நாங்க மூக்குல கர்ச்சீப் கட்டிக்குவோம்" என்று தொடங்கினாள் அன்புச்செல்வி.

சௌந்தர்யா தலையாட்டினாள்.

"இந்த ரயிலு எவ்வளவு வேகமாப் போகும்? லாரியைவிட..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வேறு பக்கமாகப் போனாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எங்கூட்ல கறி எடுப்பாங்க. எங்கப்பாதான்..."

மறுபடியும் நிறுத்த வேண்டியதாயிற்று.

அப்பா என்ற சொல் வராமல் பேசுவது இவ்வளவு கஷ்டம் என்று அன்புச்செல்விக்கு இதுவரை தெரியாது. சைக்கிள் பற்றிப் பேசலாம் என்றால், அதை வாங்கித் தந்தது அப்பா. தீபாவளி பற்றிப் பேசலாம் என்றால், வெடி கொண்டுவருவது அப்பா. கடைசியில் பேச்சே இல்லாமல் போயிற்று. அவள் சௌந்தர்யாவைத் தாண்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தூறலைப் பிடித்தாள். "கையை உள்ள எடு" என்று சார் ஓர் ஊதல் ஊதினார்.

நாமக்கல்லில் இறங்கியபோது தூறல் விட்டிருந்தது. வானம் மட்டும் அப்படியே இருந்தது.

நிலையத்துக்கு வெளியே வந்ததும் கதிர்வேல் சார் கை நீட்டினார். கட்டடங்களுக்கும் தென்னை மரங்களுக்கும் அப்பால் ஒரு பெரிய பாறை தெரிந்தது. அதன் தலையில் ஒரு மதில் வளைந்து போயிற்று.

"அதுதான் கோட்டை. முக்கால் மணி நேர நடை. யாரும் கையை விடக்கூடாது."

சார் முன்னால் நடந்தார். டீச்சர் நடுவில் வந்தார். கடைசி ஜோடியாக அன்புச்செல்வியும் சௌந்தர்யாவும் நடந்தார்கள்.

சாலையில் பேருந்துகளும் லாரிகளும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயின.  ஒவ்வொரு லாரி வரும்போதும் அன்புச்செல்வி சௌந்தர்யாவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். அந்த ஊரிலோ எங்கே திரும்பினாலும் லாரிதான். டயர் கடை, பம்பர் கடை, தார்ப்பாய்க் கடை. கண்ணை மூடிக்கொண்டு நடந்தால்தான் லாரியைப் பார்க்காமல் போக முடியும்.

பாதி வழியில், முன்னால் போய்க்கொண்டிருந்த வளவனின் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவன் ஒற்றைக் காலில் குதித்தான். ராசாத்தி டீச்சர் சேலையிலிருந்த ஊக்கை எடுத்துக்கொண்டு அவனிடம் ஓடினார். எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

அப்போதுதான் சௌந்தர்யா நின்றாள்.

அது லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. வாசலில் ஒரு புது லாரி நின்றது. முகப்பில் இன்னும் கதவுகூடப் பொருத்தவில்லை. பின்பலகையில் ஒருவர் குந்தி உட்கார்ந்து மஞ்சள் பெயிண்டால் எழுதிக்கொண்டிருந்தார். 'ஒலி எழு' வரை வந்திருந்தது. புதுப் பெயிண்ட் வாசம் மூக்கில் ஏறியது.

"பன்னெண்டு சக்கர வண்டி" என்றாள் சௌந்தர்யா.

அன்று முழுக்க அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி அன்புச்செல்வியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள்.

சௌந்தர்யா அதைப் பார்த்துவிட்டாள்.

"நீயும் கேக்க மாட்ட" என்றாள். "யாருமே கேக்க மாட்டீங்க. நான் உள்ள வந்தா எல்லாரும் பேச்சை மாத்தறீங்க. எங்கப்பான்னு ஒருத்தரு இருந்ததே இல்லையாட்ட இருக்குது."

அன்புச்செல்விக்கு முகம் சூடானது.

"டீச்சர் பேச வேண்டாம்னாங்க. பேசினா நீ அழுதுருவேன்னு."

"அழுதா என்ன?"

அன்புச்செல்வி யோசித்தாள். அழுதால் என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை.

"உங்கப்பா பேரு என்ன?" என்று கேட்டாள்.

"வேலுசாமி."

 சொல்லிவிட்டு சௌந்தர்யா பட்டறை வாசலில் அடுக்கியிருந்த பலகைகளின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

எழுதிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். கை முழுக்க, முழங்கை வரைக்கும் மஞ்சள்.

"ஏஞ்சாமி, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களா? உங்க கூட்டம் அப்பவே போயிருச்சே."

அன்புச்செல்வி சாலையைப் பார்த்தாள். பழ வண்டி நின்றது. ஒரு நாய் படுத்திருந்தது. வரிசையைக் காணவில்லை.

 ஓடலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். சௌந்தர்யா எழுந்திருக்கவில்லை. அவளை விட்டுவிட்டு எப்படி ஓடுவது?

"கோட்டை அந்தப் பாறை மேலதான். நான் வேணும்னா வண்டியில கொண்டுபோயி விட்டுரட்டுமா?" என்று கேட்டார் அவர்.

"வேண்டாங்க அண்ணா. தெரியாதவங்க வண்டியில ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. எங்க டீச்சருக்குப் போன் மட்டும் போட்டுக் குடுப்பீங்களா?"

அவர் சிரித்தார். "அதுவுஞ் சரிதான். நம்பரைச் சொல்லு."

அன்புச்செல்வி உள்ளங்கையை விரித்தாள். அங்கே நீல நிறத்தில் ஒரு மேகம்தான் இருந்தது. ரயிலில் தூறலைப் பிடித்த கை. ஒன்பது என்ற ஓர் எண்ணைத் தவிர மற்றதெல்லாம் கரைந்து போயிருந்தது.

"சௌந்தர்யா, உன் கையைக் காட்டு."

சௌந்தர்யா மூடியிருந்த கையை மெல்லத் திறந்தாள். பத்து எண்களும் எழுதினபடியே இருந்தன.

மறுமுனையில் ராசாத்தி டீச்சரின் குரல் உடைந்து வந்தது. "எங்கடி இருக்கீங்க? எந்தப் பட்டறை? அங்கயே இருங்க. ஒரு அடி நகரக்கூடாது. சார் வாராரு."

பெயிண்டர் போனை வாங்கி, தன் பெயர் பச்சமுத்து என்றும் பட்டறை எந்த இடத்தில் இருக்கிறது என்றும் டீச்சருக்கு விளக்கினார். பிறகு இரண்டு பேருக்கும் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எழுதப் போய்விட்டார்.

அன்புச்செல்வி பலகையில் சௌந்தர்யாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சார் வந்ததும் நீ போ" என்றாள் சௌந்தர்யா. "நான் கோட்டைக்கு வரலை. திரும்ப ஸ்டேஷனுக்கே போயி உக்காந்துக்கறேன்."

"ஏன்?"

  வாயைத் திறக்காமல் இருக்க அன்புச்செல்வி கால் கட்டை விரலால் மண்ணில் கோடு போட்டாள்.

"எங்கப்பாதான் என்னைக் கூட்டிட்டு வாரேன்னு சொன்னாரு" என்றாள் சௌந்தர்யா கடைசியில். "வண்டி ஆயுத பூஜைக்குப் பெயிண்ட் அடிக்க நாமக்கல் வருமாம். அப்ப நானும் வரலாம்னு சொன்னாரு. கோட்டைக்குப் போலாம்னு சொன்னாரு. அதுக்குள்ள நாக்பூர் லோடு வந்துருச்சு. போயிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன் பாப்பான்னாரு."

"ம்."

"எனக்குக் கோவம் வந்துருச்சு. அப்பா கெளம்பறப்ப வாசல்ல நின்னுக்கிட்டு கூப்பிட்டாரு. நான் கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டு வரவே இல்லை. போயிட்டு வாங்கன்னு சொல்லலை."

அவள் பலகையை நகத்தால் சுரண்டினாள்.

"அப்பா என் மேல கோவமாவே போயிட்டாரு" என்றாள்.

 அப்படியெல்லாம் இருக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்புச்செல்விக்கு அது தெரியாதே. தெரியாததை எப்படிச் சொல்வது? அவள் யோசித்துப் பார்த்தாள்.

"அப்பறம் அப்பா போனே பண்ணலையா?"

"பண்ணாரு. அன்னைக்கு ராத்திரியே பண்ணாரு. ஓசூர் தாண்டிட்டேன்னு அம்மாகிட்டச் சொன்னாரு. நான் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன்."

"வேற என்ன சொன்னாரு?"

"வேற என்ன... பாப்பா சோறு உண்டுட்டாளான்னு கேட்டாரு."

அன்புச்செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்படியே கேட்டாரா?"

"ம். அம்மா ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க. நானே கேட்டேன்."

"அப்பக் கோவம் இல்லை" என்றாள் அன்புச்செல்வி.

"உனக்கெப்படித் தெரியும்?"

"எங்கூட்ல நான் வாரத்துக்கு நாலு நாள் சண்டை போடுவேன். எங்கம்மாவுக்கு என் மேல நெசமாவே கோவம் இருந்தா, சாப்பிட்டியான்னு மட்டும் கேக்கவே கேக்காது. தட்டை டொக்குனு வெச்சுட்டுப் போயிரும். சோறு உண்டாளான்னு கேட்டாங்கன்னா கோவம் போயிருச்சுன்னு அர்த்தம். உங்கூட்ல எப்படி?"

சௌந்தர்யா யோசித்தாள். அவள் அம்மா கோபமாக இருந்தால் எப்படி இருப்பார் என்று நினைத்துப் பார்த்தாள். அப்பா கோபமாக இருந்தால் எப்படி இருப்பார் என்றும் நினைத்துப் பார்த்தாள்.

"அப்பா கோவமா இருந்தா என்னைப் பாப்பான்னு கூப்பிடவே மாட்டாரு" என்றாள் மெதுவாக. "சௌந்தர்யான்னு முழுப் பேரையும் சொல்லுவாரு."

"அன்னைக்கு எப்படிச் சொன்னாரு?"

"பாப்பான்னுதான் சொன்னாரு."

 சௌந்தர்யாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அன்புச்செல்வி துடைக்கச் சொல்லவில்லை. தண்ணீர்ச் சொம்பை மட்டும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கதிர்வேல் சார் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. ஊதல் கழுத்தில் ஆடியது. வழியெல்லாம் திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்தது அவர் முகத்தில் தெரிந்தது. சௌந்தர்யாவைப் பார்த்ததும் அதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டார்.

"போலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்புச்செல்வி திரும்பினாள். சௌந்தர்யாவைப் பார்த்தாள்.

சௌந்தர்யா கொஞ்ச நேரம் அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினாள்.

"சார், நீங்க முன்னாடி போறீங்களா? நாங்க பின்னாடியே வாரோம்" என்றாள் அன்புச்செல்வி. "ஓட மாட்டோம். நிக்கவும் மாட்டோம்."

சார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பத்தடிக்கு மேல தள்ளி வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

"பாத்துப் போங்க சாமி" என்றார் பச்சமுத்து.

மறுபடியும் தூறத் தொடங்கியது. சௌந்தர்யா பேசத் தொடங்கினாள். இரண்டு மாதமாகப் பேசாத பேச்சு. அது முன்னும் பின்னுமாக வந்தது. அப்பா டீயில் பிஸ்கட்டை நனைத்து, அது உள்ளே விழுந்துவிட்டால் விரலை விட்டு எடுப்பாராம். வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் தூங்குவாராம். அவர் விடும் குறட்டையில் பூனைகூட வீட்டுக்குள் வராதாம். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்பது போல அன்புச்செல்வியைப் பார்த்தாள்.

"எங்கப்பாவும் குறட்டை விடும்" என்றாள் அன்புச்செல்வி. "ஆனா பூனை வரும்."

பெரிய சாலையைக் கடக்க வேண்டிய இடம் வந்தது. சார் அங்கே நின்றிருந்த ஒரு லாரியின் முகப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"சார், அங்க நிக்காதீங்க" என்றாள் சௌந்தர்யா. "அந்த எடத்துல நின்னா டிரைவருக்கு நம்மளத் தெரியாது. கண்ணாடியில அவரு மூஞ்சி நமக்குத் தெரியணும். அப்பத்தான் நம்ம மூஞ்சி அவருக்குத் தெரியும். எங்கப்பா சொல்லுவாரு."

கதிர்வேல் சார் அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்தார். யாரையும் காணோம். இரண்டு அடி பின்னால் வந்து மறுபடியும் பார்த்தார். ஓட்டுநரின் மீசை தெரிந்தது. சார் அங்கேயே நின்றார். ஊதவில்லை.

சாலையைக் கடந்த பிறகு சௌந்தர்யா இன்னொன்றும் சொன்னாள். இந்த முறை குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"நெஞ்சு வலிச்சதும் அப்பா வண்டியை ஓரமா நிறுத்திட்டாரு. இண்டிகேட்டரைக்கூடப் போட்டிருந்தாரு. போலீஸ்காரரு அம்மாகிட்டச் சொன்னாரு. பின்னாடி வந்த யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

 அன்புச்செல்விக்கு எப்போதும் பத்து வார்த்தை கைவசம் இருக்கும். இப்போது ஒன்றுகூட இல்லை. சௌந்தர்யாவின் கையை மட்டும் பிடித்தாள். அந்தக் கை மூடாமல்தான் இருந்தது.

பாறை அடிவாரத்தில் பிள்ளைகள் எல்லாரும் காத்திருந்தார்கள். ராசாத்தி டீச்சர் ஓடி வந்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"என் உசுரே போயிருச்சு. எதுக்குடி நின்னீங்க?"

"தப்பு என்னுதுங்க டீச்சர். நான்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றாள் அன்புச்செல்வி.

"இல்லைங்க டீச்சர்" என்றாள் சௌந்தர்யா. "நான்தான் நின்னேன். புது லாரியைப் பாத்தனுங்க. எங்கப்பா நெனப்பு வந்துருச்சு."

சுற்றி நின்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரிதா தன் செருப்பைப் பார்த்தாள். டீச்சர் அவசரமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன நினைத்தாரோ, அதைச் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து சௌந்தர்யாவின் நனைந்த தலையைத் துவட்டினார்.

"அப்பா எந்த வண்டி ஓட்டினாரு கண்ணு?"

"பன்னெண்டு சக்கரங்க டீச்சர்."

"அம்மாடி" என்றான் வளவன். "அதை வளைச்சுத் திருப்பறதே கஷ்டமாச்சே."

"எங்கப்பா ஒரே தடவையில திருப்புவாரு" என்றாள் சௌந்தர்யா.

பாறையிலேயே வெட்டிய படிகள் செங்குத்தாக ஏறின. மழையில் நனைந்து வழுக்கின. எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். இப்போது ஜோடியாக ஏற இடம் இல்லை. அன்புச்செல்வி முன்னால் போனாள். சௌந்தர்யா அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். பாதி ஏறியதும் இரண்டு பேரும் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். பிறகு மறுபடியும் ஏறினார்கள்.

மேலே காற்று அடித்தது. மதிலைப் பெரிய பெரிய கற்களால் கட்டியிருந்தார்கள். ஒரு சின்னக் கோயில் இருந்தது. ஒரு தர்கா இருந்தது. கொல்லிமலை தெரியும் என்று சார் சொல்லியிருந்தார். அந்தத் திசையில் சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றும் இல்லை. கீழே ஊர் முழுக்க நனைந்து கிடந்தது. கமலாலயக் குளத்துத் தண்ணீர்கூட மங்கிப் போயிருந்தது.

"இதுக்கா இவ்வளவு தூரம் நடந்தோம்?" என்றாள் தேவிப்ரியா.

சௌந்தர்யா மதில் ஓரமாகப் போய் நின்றாள். நாலா பக்கமும் சாலைகள் பிரிந்து போவது தெரிந்தது. அதில் லாரிகள் சத்தமில்லாமல் ஊர்ந்தன. பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. அவள் அவற்றைப் பார்த்தபடியே நின்றாள். திடீரென்று மதில் கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். பட்டறையில் அழுதது போல இல்லை. சத்தமாக அழுதாள்.

பிள்ளைகள் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். அழாதே என்று சொல்லவில்லை. அன்புச்செல்வி சௌந்தர்யாவின் தோளோடு தோள் ஒட்டி நின்றாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். சரிதா.

வெகு நேரத்துக்குப் பிறகு சௌந்தர்யா முகத்தை நிமிர்த்தினாள். நெற்றியில் மதில் கல்லின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது.

"பசிக்குது" என்றாள்.

உடனே நாலு பேர் தங்கள் பொட்டலத்தை நீட்டினார்கள். எல்லாம் எலுமிச்சைச் சோறுதான். வளவன் மட்டும் அவித்த முட்டை கொண்டுவந்திருந்தான். அதில் பாதியைப் பிய்த்து அவள் இலையில் வைத்தான். மீதிப் பாதியைப் பார்த்தான். கொஞ்சம் யோசித்தான். அதையும் வைத்துவிட்டான்.

திரும்பும்போது மழை பலமாகப் பிடித்துக்கொண்டது. எல்லாரும் நனைந்துகொண்டே நிலையத்துக்கு நடந்தார்கள். சாயங்கால ரயிலில் யாருக்கும் பாட்டுப் பாடத் தெம்பு இல்லை. ஜன்னல்களை இறக்கிவிட்டார்கள். பெட்டிக்குள் ஈரத் துணி வாசம் அடித்தது.

வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சௌந்தர்யா தூங்கிவிட்டாள். அவள் தலை மெல்லச் சாய்ந்து அன்புச்செல்வியின் தோளில் விழுந்தது. ராத்திரியெல்லாம் அவள் தூங்குவதே இல்லை என்று அவள் அம்மா டீச்சரிடம் சொல்லியிருந்தார். டீச்சர் எதிர் இருக்கையிலிருந்து அதைப் பார்த்தார். கதிர்வேல் சார் கழுத்திலிருந்த ஊதலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்புச்செல்விக்குச் சரிதாவிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. தோள் மரத்துப் போயிற்று. ஒரு கொசு மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. உதட்டைக் கோணி மேல்நோக்கி ஊதிப் பார்த்தாள். அது போகவில்லை.

ராசிபுரம் வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தோளை அசைக்கவும் இல்லை.